கடல் வந்த இரண்டு வழிகள்
வடகரை வரலாறு: 17

சென்ற இதழை 1856-ல், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்பியதோடு முடித்திருந்தோம். இந்த முறை இருபது ஆண்டுகளைத் தாண்டி 1876-க்கு வருகிறோம். பருவமழை பொய்த்து, தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் கொடுமை சென்னை மாகாணத்தில் தொடங்கிய ஆண்டு அது. நெல்லூர், செங்கல்பட்டு, வடஆர்க்காடு பக்கத்திலிருந்து சனங்கள் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். வெளியிலிருந்து வந்த அரிசி மூட்டைகள் கடற்கரை மணலில் அடுக்கடுக்காகக் கிடந்தன. அதே ஆண்டில்தான் ஜார்ஜ் கோட்டைக்குச் சற்று வடக்கே கடலுக்குள் கான்கிரீட் கட்டிகள் இறங்கத் தொடங்கின. சென்னைக்குத் துறைமுகம் கட்டுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

பஞ்சத்தைப் பற்றித் தனியாகவும் துறைமுகத்தைப் பற்றித் தனியாகவும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். வடசென்னையின் மண்ணையும் தண்ணீரையும் பின்தொடர்ந்து போனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. வயலுக்கும் ஊருக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும், கப்பல் எங்கே நிற்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் காலத்தில் சொன்ன பதில்களை ராயபுரத்து மீனவரும் மீஞ்சூர் விவசாயியும் இன்றுவரை சுமக்கிறார்கள். இருவரும் இழந்த பொருள் ஒன்றே. அது மணல்.

துறைமுகம் வருமுன் சென்னை, துறைமுகமே இல்லாத துறைமுகப் பட்டணம். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைக் கடந்து கரைக்கு வர வேண்டும். நனைந்த மூட்டைகள், மூழ்கிய பெட்டிகள், படகோட்டிகளுக்கும் வியாபாரிகளுக்கும் ஓயாத தகராறு. 1860-ஐ ஒட்டி ஓர் இரும்புப் பாலத்தைக் கடலுக்குள் நீட்டிப் பார்த்தார்கள், போதவில்லை. பிறகு வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் வரைந்த திட்டம் ஏற்கப்பட்டது. கரையிலிருந்து இரண்டு கைகளை நேரே கடலுக்குள் நீட்டி, முனைகளை உள்நோக்கி மடக்கி, நடுவில் கிழக்குப் பார்த்த வாசல் விடுவது திட்டம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், ஒரு புயல் அடித்து இரண்டு கைகளின் முனைகளையும் சிதைத்துப் போட்டது. மறுபடி கட்டி முடிக்க அடுத்த பத்தாண்டும் தாண்டிப் போயிற்று.

புயலின் சேதம் ஒரே இரவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மணல் செய்த வேலை தெரிய ஆண்டுகள் ஆயின.

சோழமண்டலக் கரையில் மணல் ஓர் இடத்தில் தங்குவதில்லை. மாசி, பங்குனியில் தொடங்கி ஐப்பசி வரை அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவம் வந்தால் கார்த்திகை, மார்கழி, தையில் ஓட்டம் திரும்பித் தெற்கே போகும். சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போகும் மணல்தான் மிச்சம். அது பல லட்சம் கன மீட்டர். தெற்கிலிருந்து மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், பழவேற்காடு என்று இந்த மணல் ஊர் ஊராக நடந்து போய்க்கொண்டிருந்தது. அதன் குறுக்கே பார்க்ஸின் தெற்குக் கை நீண்டது.

வடக்கே போக வந்த மணல் அங்கே நின்றது. நின்ற மணல் தெற்கே படிந்து படிந்து கரையைக் கடலுக்குள் தள்ளியது. கோட்டை மதிலுக்கும் திருவல்லிக்கேணியின் ஐஸ் ஹவுஸுக்கும் பக்கத்தில் அலை வந்து போன காலம் மலையேறிவிட்டது. 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் அந்தப் புதுக் கரையோரம் உலாவ ஒரு பாதை போட்டு அதற்கு மெரினா என்று பெயரும் வைத்தார். இன்று உலகப் புகழ் பெற்றதாகச் சொல்லிக்கொள்ளும் மெரினா மணலில் பெரும்பங்கு, வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். மெரினாவில் சுண்டல் சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

வடக்கே நடந்தது இதற்கு நேர் எதிர். அலை வழக்கம்போல் வந்து வழக்கம்போல் மணலை எடுத்துக்கொண்டு போனது. எடுத்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்தில் தொடங்கிய அரிப்பு காசிமேடு, திருவொற்றியூர் என்று மேலே ஏறிப் போனது. துறைமுகம் வந்த பிறகான முதல் நூறாண்டில் மட்டும் சில இடங்களில் கரை ஐந்நூறு மீட்டர் அளவுக்கு உள்வாங்கியதாகக் கடலோரப் பொறியியல் ஆய்வுகள் சொல்கின்றன. அரை கிலோமீட்டர் என்றால் ஒரு குப்பம், அதற்குப் பின்னால் ஒரு தோப்பு, அதற்கும் பின்னால் ஒரு தெரு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்துக்கு முன்பும் கடல் இந்தக் கரையைத் தின்றிருக்கிறது. அன்றைய கறுப்பர் நகரத்தின் கிழக்கு ஓரத்தை அலை அரிக்கிறது என்று 1820-களிலேயே தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர் அங்கே கடல் சுவர் ஒன்றைக் கட்டினார். ஆகவே எல்லாப் பழியையும் பார்க்ஸின் தலையில் போடுவது வரலாறாகாது. அதுவரை சில ஆண்டு அரித்து, சில ஆண்டு திருப்பித் தந்துகொண்டிருந்த கடலை, எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளும் கடலாகத் துறைமுகம் மாற்றியது என்று சொல்வதே சரி.

பொறியாளர்கள் இதை அறியாதவர்களும் அல்லர். 1904-ல் துறைமுகப் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், சென்னைக் கரையில் மணல் நகர்வதைப் பற்றியே பொறியாளர் கழகத்துக்குக் கட்டுரை எழுதியவர். அவருடைய கவலை துறைமுக வாசல் தூர்ந்துபோகிறதே என்பது. அதற்காகக் கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்கில் புது வாசல் திறந்தார். கப்பலைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை. வடக்கே இருந்த குப்பங்களுக்கு மணலைத் திருப்பித் தரும் எண்ணம் துறைமுகக் கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை. உலகில் சில துறைமுகங்கள் சேர்ந்த மணலைத் தோண்டி, குழாய் வழியே மறுபக்கம் இறைத்துக் கொட்டுகின்றன. இங்கே கொட்டியது கருங்கல்.

அந்தக் கருங்கல்லின் கதை நீளமானது. எனக்கு அது அலுப்பூட்டும் கதையும்கூட, ஏனென்றால் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையை அலை அறுக்கும், லாரி லாரியாகக் கல் வரும், சில ஆண்டுகளில் கல் மணலுக்குள் புதையும், மறுபடி அறுக்கும். கல்சுவர் சாலையைக் காத்தது உண்மை. ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் காலடியில் இருந்த கொஞ்ச மணலையும் வாரிக்கொண்டு போனது. கட்டுமரம் ஏற்ற, வலை உலர்த்த, கரைவலை இழுக்க மணற்கரை வேண்டும். கல் அடுக்கிய கரையில் இவை ஒன்றுமே நடக்காது. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் வந்தது விசைப்படகுக்கு உதவியது. கரையை நம்பிய சிறு தொழிலுக்கு அது மாற்று ஆகவில்லை.

2000-களில் சென்னை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பில் தூண்டில் வளைவுகள் வந்தன. கரையிலிருந்து கடலுக்குள் குறுக்கே நீளும் கல் வரப்புகள் அவை. வேலை செய்யும் விதம் துறைமுகத்தின் தெற்குக் கை செய்ததேதான்: தென்பக்கம் மணல் பிடிக்கும், வடபக்கம் பசி. ஒரு குப்பத்துக்குத் தூண்டில் வளைவு கிடைத்தால் அடுத்த குப்பம் கேட்கும்; கேட்காமல் இருந்தால் அதன் கரை போய்விடும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் வரை இந்தக் கோரிக்கை வடக்கே நகர்ந்துகொண்டே போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சில வளைவுகளுக்கிடையே திட்டுத் திட்டாக மணல் திரும்பியதையும் சொல்ல வேண்டும். அங்கே படகுகள் மறுபடி ஏறின. பட்டினத்தார் அடங்கிய இடம் என்று திருவொற்றியூர்க்காரர்கள் கும்பிடும் கோயிலுக்கு வெகு அருகில் கடல் நிற்கிறது. எல்லாம் விட்ட சாமியாருக்குக் கல் வேலி காவல்.

இதுவரை சொன்னது கடல் வந்த முதல் வழி. எல்லாரும் பார்க்கக்கூடிய வழி. இரண்டாவது வழி மண்ணுக்கு அடியில்.

அதைப் புரிந்துகொள்ள எண்ணூரிலிருந்து மேற்கே, ஆற்றோடு எதிர்நீச்சல் போட வேண்டும். கொசஸ்தலையாறு ஏறக்குறைய 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. ஓடி என்று சொன்னாலும் ஆண்டில் பெரும்பாலான நாள் அது மணல்தான். வெளியூர்க்காரர் செத்த ஆறு என்று நினைப்பார். ஆற்றங்கரைக்காரர் அப்படி நினைக்கவில்லை. மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்குள் தண்ணீர் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். படுகையில் ஊற்றுத் தோண்டினால் இறைக்கலாம், ஊற்றுக்கால் வெட்டினால் வயலுக்கே வரும். வெயில் குடிக்காத, பாசி பிடிக்காத நீர்த்தேக்கம் அது. பழைய காலத்தில் பாலாறே இந்த வழியாக ஓடிக் கடலைச் சேர்ந்தது என்று நிலவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் பொன்னேரி, மீஞ்சூர், தாமரைப்பாக்கம் வட்டாரத்து மண்ணுக்கடியில் அவ்வளவு ஆழத்துக்கு மணலும் கூழாங்கல்லும் படிந்திருக்கின்றன.

மேலே ஏரிகள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். பொன்னேரி, திருவள்ளூர் பகுதியும் அதில் அடக்கம். மழை பெய்தால் மேட்டு நிலத்து மேல்மண் கரைந்து ஓடைவழி ஏரிக்கு வரும். நம் ஆட்கள் மண்ணரிப்பை முழுக்கத் தடுக்க முயலவில்லை. ஓடிய மண்ணைப் பிடித்துத் திருப்பி எடுத்தார்கள். கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் வெட்டி மாட்டுவண்டியில் வயலுக்கு அடித்தார்கள். வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம், இரண்டும் ஒரே வேலையில் முடிந்தன. கலங்கல் வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போனது. தங்கிய தண்ணீர் கீழே இறங்கிக் கிணறுகளுக்குப் போனது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் பேசிய மண் இது. எல்லா ஊரிலும் எல்லா ஆண்டும் மூன்று போகம் விளைந்தது என்று பெருமை பேச மாட்டேன். தாது வருஷத்தில் இந்த ஏரிகளும்தான் வறண்டன. தண்ணீரையும் மண்ணையும் உள்ளூரிலேயே சுற்றவிடும் ஏற்பாடு இருந்தது என்பதுதான் செய்தி.

அந்தச் சுற்றில் பட்டணம் கை வைத்தது பஞ்சத்துக்குச் சற்று முன்பு. அதற்கு முன் பட்டணத்துக்குப் பெரிய நீர் ஆதாரம் எதுவென்று பார்த்தால் அதுவும் மணல்தான்: கோட்டைக்குத் தண்ணீர் தந்த ஏழு கிணறு 1770-களில் கறுப்பர் நகரத்தின் வடக்கே, கடலிலிருந்து அதிகத் தொலைவில்லாத மணற்பாங்கில் தோண்டியவை. ஊர் பெருத்ததும் அது போதவில்லை. ஃபிரேசர் என்ற பொறியாளரின் திட்டப்படி தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அணைக்கட்டு எழுந்தது. அங்கிருந்து சோழவரம் ஏரி, அங்கிருந்து செங்குன்றம் ஏரி, பிறகு திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம். 1872 முதல் சென்னை இந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. வயலுக்கு இருந்த ஏரிகள் மெல்ல மெல்லக் குழாய்க்கு ஏரிகள் ஆயின. பின்னர் 1944-ல் பூண்டியில் நீர்த்தேக்கம் வந்தது. அதற்காக மேயராக இருந்து பாடுபட்ட சத்தியமூர்த்தி, திறப்பைப் பார்க்காமல் 1943-லேயே மறைந்தார். பெயர் மட்டும் நீர்த்தேக்கத்துக்கு நின்றது.

சென்னைக்காரன் என்ற முறையில் இந்தத் திட்டங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் குடித்து வளர்ந்ததும் செங்குன்றத்துத் தண்ணீர்தான். ஆனால் அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை. வெள்ளத்தோடு உருண்டு வரும் மணலும் வண்டலும் அணைக்குப் பின்னால் தங்குகின்றன. கீழே ஆற்றுக்குப் புது மணல் குறைந்தது, முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்வதும் குறைந்தது. தெற்கிலிருந்து வரும் கடல் மணலைத் துறைமுகம் நிறுத்தியது; மேற்கிலிருந்து வரும் ஆற்று மணலை அணைகள் நிறுத்தின. எண்ணூர்க் கரை இரண்டு பக்கமும் பட்டினி.

இனி மீஞ்சூர். இந்த அத்தியாயத்தின் நடுப்புள்ளியே அதுதான்.

1960-களில் சென்னை மறுபடி தாகத்தில் தவித்தது. கூடவே மணலியிலும் எண்ணூரிலும் ஆலைகள் முளைத்தன. சென்னை பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் உரத்தொழிற்சாலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம். ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1966 முதல் 1969 வரை ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலம் முழுவதும் ஆழ்துளையிட்டு ஆராய்ந்தார்கள். நிலத்தடியில் பழைய ஆற்று மணல் நிறையத் தண்ணீரை வைத்திருப்பது தெரிந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்று வயல்கள் அமைந்தன. நெல்வயலுக்கு நடுவே வரிசையாகக் குழாய்க் கிணறுகள். மீஞ்சூர்த் தண்ணீரில் பெரும்பகுதி மணலி ஆலைகளுக்குப் போனது.

கடலோர மணலில் தண்ணீர் எடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதைச் சொன்னவர்கள் 1880-களில் டச்சு ராணுவப் பொறியாளர் பாடோன் கைபனும், 1901-ல் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க்கும். உப்பு நீர் நல்ல நீரைவிடச் சற்றே கனம்: நாற்பதில் ஒரு பங்கு. அதனால் மண்ணுக்குள் நல்ல நீர், பாலின் மேல் ஏடு படர்ந்தது போல், உப்பு நீரின் மேல் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், கீழே நாற்பது அடி ஆழம் வரை உப்பை அது அழுத்தி வைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். கஞ்சத்தனமாக எடுத்தால் காலமெல்லாம் கொடுக்கும். மிஞ்சினால் மிஞ்சிய அளவுக்கு நாற்பது மடங்கு தண்டனை. கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் கணக்கே தேவையில்லை. கடல் பள்ளத்தைப் பார்த்து உள்ளே நடந்து வரும்.

மீஞ்சூரில் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே போனது. ஆலைக்குக் குடிநீர் வாரியத்தின் பம்புகள், வயலுக்கு விவசாயிகளின் மின் மோட்டார்கள், இரண்டும் போட்டியிட்டு இறைத்தன. 1969-ல் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டரில் இருந்த உப்புநீர் எல்லை, 1987-ல் ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. மேலே கரையைக் கடல் ஆண்டுக்குச் சில மீட்டர் தின்ற அதே காலத்தில், கீழே அது ஆண்டுக்கு முந்நூறு மீட்டருக்கும் மேல் வந்திருக்கிறது. கரையில் வீடு விழுந்தால் படம் எடுக்க ஆள் வரும். கிணற்றில் உப்பு ஏறியதை யார் படம் எடுப்பது?

முதலில் தெரிவது சோறு வடிக்கும் பெண்களுக்கு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அடுத்து நெல் சொல்லும்: இலை நுனி கருகும், கதிர் பதராகும். உப்பு நீரைத் தொடர்ந்து பாய்ச்சிய களிமண் இறுகி, மழைநீரைக்கூட உள்ளே விடாமல் மேலே ஓடவிடும். ஓடும் தண்ணீர் மேல்மண்ணையும் கொண்டுபோகும். உப்பும் அரிப்பும் ஒன்றுக்கொன்று துணை போவது இப்படித்தான். கிணற்றை ஆழப்படுத்தலாம் என்று சிலர் கடன் வாங்கித் தோண்டினார்கள். ஆழத்தில் உப்பு இன்னும் அதிகம். பயிர் மாற்றினார்கள், பிறகு தரிசு போட்டார்கள், பிறகு விற்றார்கள். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி போகும் வழியில் இன்று கன்டெய்னர் அடுக்கிய நிலங்கள் பலவும் ஒரு காலத்தில் நெல் கண்டவை.

ஆலையை மட்டும் குற்றவாளியாக்கி முடித்துவிட்டால் கதை எளிது. ஆற்றின் மேற்பகுதியில் விவசாயிகளே தண்ணீர் விற்றார்கள். 2000-களின் தொடக்கத்து வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம் அவர்களுடைய கிணறுகளை வாடகைக்கு எடுத்து, மோட்டார் ஓடிய நேரத்துக்குப் பணம் தந்தது. நெல் நட்டு, களை எடுத்து, விலைக்குக் காத்திருப்பதைவிட அது நிச்சயமான வருமானம். எந்தக் குடும்பஸ்தன் வேண்டாம் என்பான்? கிணறு இல்லாத பக்கத்து வயல்காரரும், நடவுக்குப் போகும் கூலிப் பெண்களும்தான் அதில் ஒன்றும் கிடைக்காமல் நின்றார்கள்.

இந்தக் கிணறுகள் வற்றிய வேகத்தைக் கூட்டியது இன்னொரு தொழில்: ஆற்று மணல் அள்ளுவது. பெருத்த சென்னைக்குக் கட்டடம் கட்ட மணல் வேண்டும். பக்கத்தில் இருந்தவை ஆரணியாறும் கொசஸ்தலையாறும். அனுமதி பெற்று அள்ளியதும் உண்டு, இரவில் அள்ளியதும் உண்டு. மணல் போன படுகையில் களியும் பாறையும் வெளியே தெரிந்தன. வெள்ளம் வந்தால் தங்கிச் சுவற இடமில்லாமல் நேரே கடலுக்கு ஓடியது. ஓடும் வேகத்தில் கரையை அறுத்துப் பட்டா நிலத்தையும் எடுத்துக்கொண்டது. மணலை வைத்திருந்த ஆறு தண்ணீரை வைத்திருந்தது. கட்டடத்துக்கு ஒரு லோடு மணல் போனபோது அதற்குள் ஆண்டுதோறும் தங்கியிருக்க வேண்டிய தண்ணீரும் சேர்ந்து போனது. லாரிக்காரர் கொடுத்த ரசீதில் அது எழுதப்படவில்லை.

அரசு விழித்துக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1987-ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் வந்தது. மீஞ்சூர்க் கிணறுகளில் இறைப்பு குறைந்தது. 1990-களிலேயே மணலி ஆலைகள் நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கின. 2019-ல் கொடுங்கையூரில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி வடக்கே ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் வந்தது. என் கணக்கில் இது வடகரையில் நடந்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. ஐம்பது ஆண்டு முன்பே நடந்திருந்தால் மீஞ்சூர் தப்பியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் தடுப்பணைகள் எழுந்தன. ஆரணியாற்றில் பாலேஸ்வரம் தடுப்பணையை ஒட்டிய கிணறுகளில் நீர்மட்டமும் தரமும் கூடியதை அண்ணா பல்கலைக்கழகத்தினர் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு தடுப்பணையின் கை எட்டுவது சுற்றிலும் கொஞ்ச தூரம்தான். உள்ளே வந்துவிட்ட உப்பை வெளியே தள்ள, வந்த காலத்தைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

2010-ல் இந்தக் கதைக்கு ஒரு விசித்திரமான திருப்பம். மீஞ்சூரின் பெயராலேயே ஒரு தண்ணீர் ஆலை வந்தது: காட்டுப்பள்ளிக் கடற்கரையில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. நிலத்தடிக்குக் கடல் வந்ததைத் தடுக்க முடியாத ஊரின் பெயரில், கடலையே இறைத்து மின்சாரம் கொட்டி இனிப்பாக்குகிறார்கள். வடசென்னைக்கு அது தேவைதான். 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டபோது அந்த ஆலை ஓடியது பெரிய ஆறுதல். மணல் இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது என்ன விலை கொடுக்கிறோம் என்பதையும் அதன் மின்கட்டணம் காட்டும்.

காட்டுப்பள்ளி என்றதும் கதை மறுபடி கடற்கரைக்கே வந்துவிடுகிறது. சென்னைத் துறைமுகத்துக்கு இட நெருக்கடி, நிலக்கரித் தூசு. அதனால் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்க எண்ணூரில் புதுத் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே பத்தாண்டு கழித்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம். இரண்டுக்கும் அலைதடுப்புச் சுவர்கள் உண்டு. 1876-க்குப் பின் ராயபுரத்திலிருந்து வடக்கே நடந்தது இப்போது காட்டுப்பள்ளிக்கு வடக்கே நடக்கிறது. பழவேற்காடு நோக்கிய கரை தேய்கிறது.

ஆனால் ராயபுரத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் ஒரு பெரிய வேறுபாடு. ராயபுரத்தில் கரைக்குப் பின்னால் ஊர் இருந்தது. காட்டுப்பள்ளியில் கரைக்குப் பின்னால் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றுக் கழியும் இருக்கின்றன; அவற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு மணல் திட்டு மட்டுமே. அந்தத் திட்டில் இன்னமும் நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. அது அறுந்தால், மேலே வரும் கடலும் கீழே வரும் கடலும் ஒரே இடத்தில் சந்திக்கும். கடலுக்கும் கழிக்கு மேற்கே உள்ள பொன்னேரி வட்டத்து வயல்களுக்கும் நடுவில் வேறு தடுப்பு இல்லை.

2018-ல் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் உள்ளதை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் தயாரானது. பழவேற்காட்டு மீனவர்களோடு பொன்னேரிப் பக்கத்து விவசாயிகளும் எதிர்த்தார்கள். கடற்கரைப் பிரச்சினைக்குக் கடல்காரரும் கிணற்றுப் பிரச்சினைக்குக் காட்டுக்காரரும் தனித்தனியே மனுக் கொடுத்துவந்த நூற்றாண்டில் இது புதிது. 2021 ஜனவரியில் வைத்த பொதுமக்கள் கருத்துக்கேட்பு தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி தேதி குறித்தார்கள், அதுவும் தள்ளிவைக்கப்பட்டது.

(தொடரும்)

அடுத்த இதழில்: அத்திப்பட்டு உப்பளங்கள்